ஒற்றைக் கையால் கழற்றும் கோப்பை

“கம்பி நீட்டுறவன் துணிமணி எடுப்பான், பாஸ்போர்ட்டை எடுப்பான். மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் பொறுக்கிட்டு எவனாவது ஓடுவானா?” என்றான் பல்லி.

“மெதுவாப் பேசு. அந்தம்மா உள்ளதான் இருக்காங்க” என்றார் சர்வேயரம்மா.

சர்வேயரம்மா இருபத்திரண்டு வருடம் நிலம் அளந்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் கைப்பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். நிலம் அளந்த காலத்தில் அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவன்தான் பல்லி. நாற்பது வயதாகிறது. யார் பேசினாலும் நடுவில் ‘ச்ச்ச்’ என்று ஒரு சத்தம் கொடுப்பான்; பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் நின்றிருந்த கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கடல் இருந்தது. கண்ணாடிக்குள் பச்சையும் ஊதாவுமாகப் பவளங்கள் அசைந்தன. அதன் சொந்தக்காரர் ஒன்பது நாளாக வீட்டுக்கு வரவில்லை.

காணாமல் போனவர் ஒரு லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைச் சோதித்து, ‘இது பாதுகாப்பானது’ என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்ட், மூன்று மாதத்துக்கு முன் கதவு திறந்திருக்கும்போதே கீழே நழுவியது. வெளியே காலெடுத்து வைத்த ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். உயிர் தப்பியது. நாளைக் காலை பத்து மணிக்கு அது பற்றி விசாரணை. போலீஸ், ‘விசாரணைக்குப் பயந்து ஓடிவிட்டார்’ என்று ஃபைலைக் கட்டி வைத்துவிட்டது.

அவர் மனைவி கையில் ஒரு விலைப் புத்தகத்தோடு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் புடவை மடிப்புக் கலையவில்லை.

“இதான் மேடம் அவர் மேசையில இருந்தது. போலீஸ்காரங்க இதைத் திரும்பிக்கூடப் பாக்கல.”

அலங்கார மீன் கடையின் விலைப் புத்தகம். ஒரு பக்கத்தில் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்கிம்மர் கருவிகள் மூன்று வட்டமிடப்பட்டிருந்தன. இரண்டின் மேல் பெருக்கல் குறி. ஓரத்தில் பென்சிலால் நாலு வரி:

‘90 லிட்டர்.
கீழ்த் தொட்டி கிடையாது.
சத்தம் கூடாது.
ஒ.கை?’

சர்வேயரம்மா அளவு நாடாவை எடுத்தார். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பார்த்து உதட்டுக்குள் பெருக்கினார். அடியில் அலமாரிக் கதவின் இடுக்கில் இன்னொரு தொட்டி தெரிந்தது.

“ஐந்நூத்தி நாப்பது லிட்டர். கீழ்த் தொட்டியும் இருக்கு. அப்போ அவர் தேடினது இந்தத் தொட்டிக்கு இல்ல.”

“யானைப் பசிக்கு சோளப்பொரி” என்றான் பல்லி. “ச்ச்ச்... வேற ஒரு தொட்டி இருக்கு. வேற ஒரு தொட்டி இருந்தா வேற ஒரு வீடு இருக்கும். வேற ஒரு வீடு இருந்தா...”

சர்வேயரம்மா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினான். ஆனால் அந்த அம்மாள் விழுங்கவில்லை.

“இவர் சொல்றதைத்தான் நானும் நினைச்சேன். இருந்துட்டுப் போகட்டும் மேடம். வேற வீடே இருக்கட்டும். உயிரோட இருந்தாப் போதும். மூணு மாசமா சாப்பிடல. தூங்கல. ஒன்பது நாள் முன்னாடி ‘ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வரேன்’னு சொன்னார். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து என் தலையில கை வச்சுட்டுப் போனார். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படிச் செஞ்சதே இல்ல.”



சர்வேயரம்மா குனிந்து தொட்டியின் அடியிலிருந்த அலமாரியைத் திறந்தார். கீழ்த் தொட்டியில் பழைய ஸ்கிம்மர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய, புத்தம் புதிய ஸ்கிம்மர் ஒன்று வறண்டு கிடந்தது.

“இது ஏன் ஓடல?”

“அவர்தான் கழட்டி வச்சார். லிஃப்ட் விழுந்த மறுநாள்.”

“ஏன்னு கேக்கலயா?”

“கேக்கல.” பதில் கொஞ்சம் வேகமாக வந்தது.

அலமாரிக்கு முன்னால் தரையில் ஒரு பாய் கிடந்தது. மரப் பலகைத் தரையில், சோபாவுக்கோ நாற்காலிக்கோ பக்கத்தில் இல்லாமல், யாரும் உட்காராத இடத்தில். சர்வேயரம்மா அதன் மேல் கால் வைத்தார். அடியில் பலகை மேடாக உப்பியிருந்தது. நிமிரும்போது தொட்டியின் வலது மூலையைப் பார்த்தார். பச்சை விரல்கள் போல் நின்ற பவளக் கொத்தில் நாலு விரல்கள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய இடம் வழவழவென்று ஆறியிருந்தது.

*

கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி, சோடா பாட்டிலின் அடிப்பாகம் போல் இருந்தது. அதனால் அவருக்கு ‘சோடாபுட்டி’ என்று பெயர். அதை அவரே சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார்.

“லிஃப்ட் சாரா? நல்லாத் தெரியும். ரெண்டு மாசம் முன்னாடி வந்தார். அன்னைக்கு அவர் பண்ணினதை நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல.”

“என்ன பண்ணினார்?”

“அதுக்கு முன்னாடி ஸ்கிம்மர்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

“எனக்குத் தெரிஞ்ச ஸ்கிம்மர், பால்ல இருக்குற ஆடையை எனக்கு முன்னாடி எடுத்துடற என் பொண்டாட்டி” என்றான் பல்லி.

“அதேதான்!” சோடாபுட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. “கடல் தண்ணித் தொட்டியில மீன் போடற கழிவு, மிச்ச சாப்பாடு எல்லாம் கரைஞ்சு நிக்கும். பவளம் தாங்காது. இந்தக் குழாய்க்குள்ள பொடிப் பொடியா காத்துக் குமிழி விடுவோம். அழுக்கு குமிழியில ஒட்டிக்கிட்டு நுரையா மேல ஏறும். மேல ஒரு கோப்பை இருக்கு பாருங்க, அதுல விழும். கோப்பை நிறைஞ்சா கழட்டிக் கழுவணும். சும்மா மாட்டிட்டு மறந்துட முடியாது. கையில எண்ணெய், க்ரீம் ஏதாவது தடவிக்கிட்டுத் தண்ணிக்குள்ள விட்டாலே போதும், நாள் முழுக்க நுரை செத்துடும்.”

“அப்போ எதைப் பாத்து வாங்கணும்?”

“மத்தவங்க தொட்டி அளவைச் சொல்வாங்க, வாங்கிட்டுப் போவாங்க. இவர் தொண்ணூறு லிட்டருக்கு, ஓரத்துல தொங்கவிடற மாதிரி வேணும்னார். மூணு எடுத்து வச்சேன். முதல்ல மோட்டார் சத்தம். ‘படுத்திருக்கறவங்க காதுக்குக் கேக்கக் கூடாது’ன்னு சொல்லி ஒவ்வொண்ணையும் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். ஒண்ணு அடிபட்டுப் போச்சு. அப்புறம்...” சோடாபுட்டி வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பு வாரில் சொருகினார். “இப்படி வச்சுக்கிட்டார். வெறும் இடது கையால கோப்பையைக் கழட்டிப் பாத்தார். ரெண்டாவது மாடல் திருகு டைப். ஒரு கையால திருகினா மொத்த மிஷினும் கூடவே சுத்துது. மூணாவது, ஒரு அழுத்து அழுத்தினா கோப்பை கையோட வந்துடுது. இருபது தடவையாவது கழட்டி மாட்டியிருப்பார். கடைசியில அழுதுட்டார் மேடம். கடையில நாலு பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

பல்லி விலைப் புத்தகத்தைப் பிரித்தான். “‘ஒ.கை.’ நான் ‘ஒட்டுக் கை’ன்னு நினைச்சேன். ஒரு கை!”

“அவருக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு” என்றார் சர்வேயரம்மா. “வலது கை இல்லாத ஒருத்தருக்காக வாங்கியிருக்கார். படுக்கையில நிறைய நேரம் இருக்கறவங்க. பல்லி, லிஃப்ட் விபத்தைப் பத்தி வந்த செய்தி உன் பையில இருக்கா?”

பல்லி கத்தரித்து வைத்திருந்த செய்தியை எடுத்தான். இரண்டு வரி படித்ததும் அவன் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

“அந்தக் கட்டடத்து ரிசப்ஷனிஸ்ட். முப்பத்திநாலு வயசு. வலது முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க.”

சர்வேயரம்மா கிளம்பத் திரும்பி, ஏதோ நினைவு வந்தவராக நின்றார்.

“அவர் வீட்டுல பெரிய ஸ்கிம்மர் ஒண்ணு சும்மா கிடக்கே, அதுவும் இங்க வாங்கினதுதானா?”

“அதை ஏன் கேக்கறீங்க! அவர் தொட்டிக்கு அது ரொம்பப் பெரிசு, வேணாம்னு தலையால தண்ணி குடிச்சேன், கேக்கல. புது ஸ்கிம்மர் முதல் ஒரு வாரம் அடங்காது, திடீர்னு பொங்கும், பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்கன்னும் சொன்னேன்.” பதிவேட்டைப் புரட்டித் தேதியைக் காட்டினார்.

சர்வேயரம்மா அந்தத் தேதியைப் பார்த்தார். பிறகு செய்தித் துண்டில் அச்சாகியிருந்த சான்றிதழின் தேதியைப் பார்த்தார். ஸ்கிம்மர் வாங்கிய மறுநாள் லிஃப்ட் சான்றிதழில் கையெழுத்து.

“என்ன மேடம்?” என்றான் பல்லி.

“ஒண்ணுமில்ல. முதல்ல ஆள் கிடைக்கட்டும்.”

*

ரிசப்ஷனிஸ்ட்டின் வீட்டைக் கண்டுபிடிக்க அந்தக் கட்டடத்துக் காவலாளியைக் கேட்டதே போதுமாக இருந்தது. வெல்டிங் பட்டறைக்கு எதிரே தரைத்தளத்தில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும். பிற்பகல் மூன்று மணி. கதவைத் திறந்தவள் இடது கையால் திறந்தாள். வலது சட்டைக் கையின் நுனி மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

“மீன் தொட்டிக்காரரா? அவர் வந்து பத்து நாளாச்சே” என்றாள், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள்.

“உங்க தொட்டியைப் பாக்கலாமா?”

ஒரு கணம் யோசித்துவிட்டு வழி விட்டாள்.

கட்டிலுக்கு நேர் எதிரே, படுத்தால் கண்ணில் படும் உயரத்தில் தொட்டி இருந்தது. சின்னதுதான். இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் கல், நடுவே நாலு பச்சை விரல் பவளங்கள். ஓரத்தில் தொங்கிய ஸ்கிம்மர் ஓடுவதே காதுக்குத் தெரியவில்லை. ஆனால் குழாய்க்குள் நுரையும் இல்லை. குமிழிகள் மேலே வந்து, ஒட்டாமல் உடைந்துகொண்டிருந்தன. கோப்பை காலியாக, பளிச்சென்று இருந்தது.

“இதை யார் கழுவறது?”

“நான்தான். ஒரு கையால கழட்டலாம், பாருங்க.” அழுத்தினாள். கோப்பை கையோடு வந்தது. “முட்டிக்கு நடுவுல வச்சுக்கிட்டுத் தேய்ச்சுடுவேன். இப்ப எல்லாமே பழகிடுச்சு.”

“கூட யார் இருக்காங்க?”

“தங்கச்சி. நர்ஸ். காலையில ஆறு மணிக்குப் போனா சாயங்காலம்தான் வருவா.”

சர்வேயரம்மா தலையாட்டிக்கொண்டே தொட்டிக்குப் பக்கத்துக் கம்பியில் தொங்கிய துணியைத் தொட்டார். கையில் ஈரம் ஒட்டியது. துணி கயிறு போல் முறுக்கேறி, அந்த முறுக்கு இன்னும் பிரியாமல் இருந்தது.

“இது இப்பதான் பிழிஞ்சது. இப்படி முறுக்கிப் பிழிய ரெண்டு கை வேணும்மா. தங்கச்சி போய் ஒன்பது மணி நேரமாச்சு.”

அவள் முகம் வெளிறியது. “ஐயோ, கத்தாதீங்க. அவர் பயந்துடுவார்” என்றாள். சர்வேயரம்மா கத்தவே இல்லை.

பின்னறைக் கதவு தானாகவே திறந்தது. கடல் உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் விரித்திருந்தது. கசங்கிய சட்டையும் ஒன்பது நாள் தாடியுமாக வெளியே வந்தவர் கையில் ஒரு திருப்புளி இருந்தது.

“என் வீட்டுல அனுப்பினாங்களா?” என்றார் பரிசோதகர்.

“ஆமா. அழுதுக்கிட்டு இருக்காங்க.”

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பிறகு சர்வேயரம்மாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். ‘நான் யார் என்று இவளுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்’ என்பதுதான் அந்தக் கெஞ்சல். வாயால், “நான்... மீன் தொட்டிக் கடை ஆளு. இவங்களுக்கு இந்தத் தொட்டியை வச்சுக் கொடுத்தேன். செட்டாகற வரைக்கும் இருந்து பாத்துக்கறேன்னு சொன்னேன். இந்த ஸ்கிம்மர்தான் அடங்க மாட்டேங்குது. தினமும் சரி பண்றேன். சாயங்காலம் நுரை பிரமாதமா வருது. காலையில பாத்தா செத்துக் கிடக்கு. தண்ணி மட்டத்தை மாத்திப் பாத்தேன், காத்துக் குழாயை மாத்தினேன், உப்பை மாத்தினேன். ஒன்பது நாளா ஒண்ணும் புரியல. தப்பானதைப் பொறுக்கிட்டேன் போல இருக்கு” என்றார்.

“இருபது தடவை கழட்டி மாட்டிப் பாத்து எடுத்ததாச்சே?” என்றான் பல்லி.

சர்வேயரம்மா தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஸ்கிம்மர் தண்ணீரை உறிஞ்சும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தண்ணீர்ப் பரப்பில் வானவில் மினுங்கியது. அவர் நிமிர்ந்து கட்டிலருகே இருந்த மேசையைப் பார்த்தார். தழும்புக்குத் தடவும் எண்ணெய்ப் பசை, அழுத்தினால் வெளியே வரும் குப்பியில்.

“தினமும் காலையில எத்தனை சொட்டு விடறீங்க?” என்று ரிசப்ஷனிஸ்ட்டிடம் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு சொட்டு. தங்கச்சி கிளம்பினதும். மீனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விசாரிச்சுட்டுதான்.”

பரிசோதகருக்குப் புரியவில்லை. “நீங்களா? ஏம்மா?”

அவள் தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. எந்தக் கிழமை எவ்வளவு தீனி, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவது, கோப்பையை எப்போது கழுவுவது, எந்த மாதம் மோட்டாரைச் சுத்தம் செய்வது.

“ஒன்பது நாள் முன்னாடி வந்தார். கையில எந்தச் சாமானும் இல்ல. இதைக் கொடுத்துட்டு, ‘இனிமே நான் வேணும்னு இருக்காது, எல்லாம் எழுதியிருக்கேன்’னு சொல்லிட்டுச் சிரிச்சார். முழுசா ஒரு வருசத்துக்கு எழுதியிருக்கார் மேடம். ஒரு மனுசன் ஒரு வருசத்துக்கு எழுதிக் கொடுத்துட்டு எங்க போவான்? எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அவர் செருப்பு மாட்டறதுக்குள்ள நான் போய்த் தண்ணியில கையை விட்டேன். கையில பசை இருந்துச்சு. நுரை அடங்கிடுச்சு. ‘சார், மிஷின் நின்னு போச்சு, இதை விட்டுட்டுப் போனா எல்லாம் செத்துடும்’னு சொன்னேன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தார். அன்னையில இருந்து தினமும் ஒரு சொட்டு. இது கெட்டிருக்கற வரைக்கும் அவர் போகமாட்டார்னு தெரிஞ்சுது.”



“யாருக்காவது போன் பண்ணியிருக்கலாமே” என்றார் சர்வேயரம்மா மெல்ல.

“யாருக்குன்னு பண்றது? போலீஸ் வந்தா பயந்து ஓடுவார். அவர் வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும்.”

“பேரா?” என்றார் பரிசோதகர். “நான் உங்ககிட்டப் பேரே சொல்லலியே.”

“முதல் வாரம் உப்பு மூட்டையோட ரசீதுல கையெழுத்துப் போட்டீங்க சார். கடைசியில ரெண்டு சுழி சுழிச்சு, கீழ ஒரு கோடு. நாலு வருசமா தினமும் ரெண்டு தடவை அந்தக் கையெழுத்தைப் பாத்துக்கிட்டேதான் மேல போவேன், கீழ வருவேன். லிஃப்டுக்குள்ள அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பாங்களே.”

வெல்டிங் பட்டறையின் பொறிச் சத்தம் சன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. பரிசோதகர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“தெரிஞ்சும்...”

“நீங்களாச் சொல்வீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவை கோப்பையைக் கழுவும்போதும், இன்னைக்குச் சொல்வார், இன்னைக்குச் சொல்வார்னு. நீங்க பவளத்தைப் பத்தி மட்டும்தான் பேசினீங்க.” அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “இப்பக் கேக்கறேன். மேல மோட்டார் ரூமுக்கு ஏறிப் போய் பிரேக்கைப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“ஏன் பாக்கல?”

பரிசோதகரின் கண்கள் ஒரு கணம் எங்கோ போய் வந்தன.

“காரணம் எதுவும் இல்ல. ஏறியிருக்கலாம். ஏறல. சோம்பேறித்தனம்.”

“நாளைக்கு அதைச் சொல்வீங்களா?”

அவர் தலையசைத்தார்.

சர்வேயரம்மா வாசலுக்கு வந்து பரிசோதகரின் மனைவிக்கு போன் செய்தார். “கிடைச்சுட்டார். நல்லா இருக்கார்.” அந்தப் பக்கம் அழுகை ஓயும்வரை பொறுத்திருந்தார். “நாளைக்கு விசாரணையில உண்மையைச் சொல்லப் போறார். மேல ஏறாமலே கையெழுத்துப் போட்டதை. ஏன்னு கேட்டா மட்டும் பொய் சொல்றார். உங்க வீட்டுப் பாய்க்கு அடியில பலகை உப்பியிருக்கும்மா. அங்க தண்ணி எந்தத் தேதியில கொட்டுச்சு?”

போன் துண்டிக்கப்பட்டது.

“ச்ச்ச்” என்றான் பல்லி. “பாதிக் கேஸ்தான் முடிஞ்சிருக்கு போலிருக்கே.”

“மீதி பாதி நம்ம கேஸ் இல்ல” என்றார் சர்வேயரம்மா. அன்று இரவு பரிசோதகரைத் தனியே விடாமல் பல்லியைக் கூடவே இருக்கச் சொன்னார்.

*

விசாரணை அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் காலியாகத்தான் நின்றது. ரிசப்ஷனிஸ்ட், அவள் தங்கை, பரிசோதகர், சர்வேயரம்மா, பல்லி என்று ஐந்து பேரும் படியேறினார்கள்.

விசாரணை அதிகாரி நல்ல மாதிரிதான். கேள்விகளை அவசரமில்லாமல் கேட்டார். பரிசோதகரும் தயங்காமல் சொன்னார். அன்று கட்டடத்துக்குப் போனது, கீழே கதவையும் பொத்தான்களையும் சோதித்தது, மோட்டார் அறையின் சாவியை வாங்கியது, மாடிப்படி வரை போனது, திரும்பி வந்து காவலாளியின் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டது.

“சாவியை வாங்கிட்டு ஏன் திரும்பினீங்க? ஏதாவது அவசரமா?”

“இல்லை. காரணம் எதுவும் இல்லை.”

“யோசிச்சுச் சொல்லுங்க. காரணம் இருந்தா அது பதிவாகணும்.”

“இல்லை சார்.”

“இருக்கு.”

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பரிசோதகரின் மனைவி எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. எழுந்து நின்று முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உக்காரு. உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் பரிசோதகர்.

“எனக்குத்தான் தெரியும். நான்தான் போன் பண்ணினேன்.” அவர் அதிகாரியைப் பார்த்துப் பேசினார். “முந்தின நாள் புது ஸ்கிம்மர் மாட்டினார். மறுநாள் அது பொங்கிடுச்சு. பக்கத்து வாளி நிறைஞ்சு, கூடம் பூரா உப்புத் தண்ணி. ப்ளக் போர்டு வரைக்கும் வந்துடுச்சு. நான் போன் பண்ணிக் கத்தினேன். ‘வேலையில இருக்கேன், அரை மணி நேரம் ஆகும்’னார். ‘உங்களுக்கு நான் முக்கியமா, லிஃப்ட் முக்கியமா’ன்னு கேட்டேன்.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “பத்து நிமிசத்துல வந்துட்டார். எனக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு சார்.”

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திவிட்டு அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி, எழுது என்று கையைக் காட்டினார்.

“அவங்க கூப்பிட்டது நிஜம்தான்” என்றார் பரிசோதகர். “ஆனா மெயின் சுவிட்சை அணைன்னு சொல்லியிருந்தாப் போதும். அதைச் சொல்லிட்டு நான் மேல ஏறியிருக்கணும். கையெழுத்து என்னோடது. அப்படித்தான் எழுதிக்கணும்.”

இரண்டும் எழுதப்பட்டன. அவருடைய உரிமம் அன்றே முடக்கப்பட்டது. பழைய பிரேக்கை மாற்றாமல் லிஃப்டை ஓட்டிய கட்டட நிர்வாகத்தின் மேலும், அவர் மேலும் வழக்குப் போடப் பரிந்துரைப்பதாக அதிகாரி சொன்னார். அதைக் கேட்டுப் பரிசோதகரின் முகம் மாறவில்லை. வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

தாழ்வாரத்தில் ரிசப்ஷனிஸ்ட் தங்கையோடு படிக்கட்டின் பக்கம் நின்றிருந்தாள். பரிசோதகர் அவளிடம் போனார். இரண்டடி தள்ளியே நின்றார்.

“சொல்லிட்டேன்மா.”

“கேட்டேன்.”

“என்ன தண்டனை கொடுத்தாலும் அது வரைக்கும் வெளியிலதான் இருப்பேன். வியாழக்கிழமை வழக்கம்போல வந்து தொட்டியை...”

“வராதீங்க சார்.”

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“உங்களை உயிரோட வச்சுக்கணும்னு நினைச்சேன். வச்சுட்டேன். இப்ப வீட்டுக்குப் போங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. ஆனா என் வீட்டுக்கு வராதீங்க.” அவள் குரலில் கடுமை இல்லை. களைப்புதான் இருந்தது. “ரெண்டு மாசமா நீங்க வந்து வந்து நல்லவராவே இருந்தீங்க. சோறு ஊட்டாத குறை. உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால கோவமே பட முடியல. என் கை போச்சு சார். எனக்குக் கொஞ்ச நாள் கோவப்படணும்.”

பரிசோதகர் கைகூப்பினார். ஒரு கையால் திருப்பிக் கும்பிட முடியாத அவள் தலையை மட்டும் அசைத்தாள். தங்கை தோளைத் தொட்டதும் திரும்பினாள். இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் இறங்கிப் போனாள்.